கலைச்சொல் குழு மடல், மறுமொழி: ‘ஸ்பைடர் வெயின்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
கால் சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) நோய் முகாமுக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘வெரிகோஸ் வெயின்’ சுருள்சிரை ஆகிவிட்டது. அது அல்லாமல் தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ இழையோடுமே, 1 மி.மீ.க்கும் மெல்லியது, அந்த ‘ஸ்பைடர் வெயினு’க்குச் ‘சிலந்தி நரம்பு’ போடலாமா?

மருத்துவர்:
வேண்டவே வேண்டாம். நரம்புச்சிலந்தி என்றால் கினிப் புழு. அதுவும் பெரும்பாலும் காலில்தான் வெளிவரும். 2000-இல் இந்தியாவில் ஒழிந்ததாகச் சான்று வாங்கிய நோயை நாமே அச்சிட்டுக் கூட்டிவர வேண்டுமா? ‘நரம்பு’ என்ற சொல்லும் ஆகாது. நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துச் சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு இருந்துவிடுவார்கள். பழுதானது சிரைக்குள் இருக்கும் வால்வு, வைட்டமின் அதை என்ன செய்யும்?

தமிழாசிரியர்:
‘நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ – புறம் 278. அந்த முதியவளின் தோளில் புடைத்துத் தெரிந்தது நெர்வ் அல்லவே! ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பவர் சங்கத் தமிழ் பேசுகிறார். நரம்பை நெர்வுக்கு மட்டும் ஒதுக்கிய பாடநூல்தான் பிழை. ‘சிரை’ வடமொழிச் ‘சிரா’. தமிழில் சிரைத்தல் மழித்தல். நார், நாண், நரம்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரித்து எழுதட்டுமா?

யாழ்ப்பாண உறுப்பினர்:
வேண்டாம் ஐயா, வெள்ளி வந்திடும். ஆர்ட்டரி, வெயின் இரண்டும் எங்கட பாடநூலில் நாடி, நாளம். உங்கட தமனி, சிரை எங்களுக்கு விளங்காது.

மருத்துவர்:
இங்கே நாடி என்றால் கைபிடித்துப் பார்ப்பது. நாளம் எந்தக் குழாய்க்கும் பொது. இல்லையென்றால் ‘நாளமில்லாச் சுரப்பி’ எப்படி வந்தது?

சொல்லை விடுங்கள், வரைவில் பெரிய பிழை வேறு. ‘படுக்க வைத்துப் பார்க்கவும்’ என்றிருக்கிறது. படுத்தால் இரத்தம் வடிந்து சிரை தட்டையாகிவிடும். நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும்: 1 முதல் 3 மி.மீ. வரை நீலப்பச்சைப் பின்னல், 3 மி.மீ.யும் மேலும் சுருள்சிரை. மாலையில் கால் கனத்து, தூக்கி வைத்தால் தணிகிறதா, சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிகிறதா, கணுக்காலுக்கு மேல் உள்பக்கம் அரிக்கிறதா, பழுப்பேறுகிறதா என்பவையும் வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் முகாமுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனை. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. உள்கணுக்காலைச் சுற்றி மெல்லிழைகள் விசிறியாய் விரிந்தால் அது வேறு கதை. சிரை நோயை நிலைவாரியாகப் பிரிக்கும், 2020-இல் திருத்திய சீயெப் (CEAP) வகைப்பாட்டில் அது ‘சி4சி’, தோல் கெடும் நிலை. தனியாக வரும் இழைகள் ‘சி1’தான், லேசான நிலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், புண்ணாகப் போகிற காலையும் அழகுக் குறை என்று விட்டுவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் மெல்லியதிலிருந்து வரிசையாக நூல்சிரை, பின்னல்சிரை, சுருள்சிரை. விசிறிக்குக் ‘கணுக்கால் விசிறி’. சுருள்சிரைக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் மக்கள் சொல்லும் ‘நரம்பு சுருட்டல்’. நால்வர் சரி என்றுவிட்டார்கள்.

தமிழாசிரியர்:
ஐந்தாமவன் சொல்லவில்லை. நூல் + சிரை, நூற்சிரை என்றல்லவா புணரும்?

மொழிபெயர்ப்பாளர்:
நூறு சிரையா என்று கேட்பார்கள், ஐயா.

தமிழாசிரியர்:
கேட்கட்டும். இல்லையென்றால் ‘வேர்நரம்பு’ என்று வையுங்கள். புணர்ச்சித் தொல்லையே இல்லை.