மறு: சாட்பாட் டிஸ்க்ளோஷருக்கு என்ன சொல்?

நண்பர்களே,

எதிரே பேசுவது மனிதரல்ல, சாட்பாட் என்ற கணினி நிரல் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சில சட்டங்கள் கேட்கின்றன. அப்படிச் சொல்வதுதான் சாட்பாட் டிஸ்க்ளோஷர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. சாட்பாட்டுக்கு ‘உரையாடி’ என்ற சொல்லுக்கே இங்கே ஆதரவு அதிகம். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் சட்ட வாசகத்தில் வைத்தால் காலை வாருகிறது. ‘வாடிக்கையாளரிடம் உரையாடி பயன்படுத்துவதைத் தெரிவிக்க வேண்டும்’ என்று நேற்று எழுதிப் பார்த்தேன். ‘உரையாடி’ அங்கே வினையெச்சமாகிவிட்டது: யாரோ உரையாடிவிட்டு, அப்புறம் எதையோ பயன்படுத்துகிறார்கள். ‘அரட்டை இயலி’யும் சரிப்படாது. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் செய்பவர் அரட்டையா அடிக்கிறார்?

தேடுபொறி நிலைத்துவிட்டதே, அதே வழியில் ‘பேசுபொறி’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. தட்டச்சில் நடப்பதைப் பேச்சு என்னலாமா என்று கேட்பீர்கள். ‘சாட்டில் பேசினேன்’ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? பொறிக்குக் கண்ணி என்ற பொருளும் உண்டு. ஏமாற்றிச் சிக்கவைப்பதுதான் இந்தச் சட்டங்களின் கவலையே என்பதால் அந்தப் பொருளும் இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்கல் டிஸ்க்ளோஷரில்தான். ‘வெளிப்படுத்தல்’ என்றால் சொத்துக் கணக்கை வெளியிடுவது போல இருக்கிறது. ‘அறிவிப்பு’ ஊருக்குப் பொதுவானது. நிபந்தனைப் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிட்டு ‘அறிவித்துவிட்டோம்’ என்று கைகழுவலாம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டம் அதை ஏற்காது. விற்பனைக்காகவோ வாக்குக்காகவோ மனிதர்போல் நடித்து ஏமாற்றக் கூடாது. எதிரே இருப்பது பொறி என்பதைத் தெளிவாக, கண்ணில் படும்படி சொல்லியிருந்தால் மட்டுமே தப்பிக்கலாம். ஆகவே ‘தெரிவிப்பு’. யாரிடம் தெரிவித்தாய் என்ற கேள்வி அந்தச் சொல்லோடு கூடவே வருகிறது.

‘நிறுவனத் தெரிவிப்பு’ என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில் 50ஆம் பிரிவு இந்தக் கடமையைக் கருவியை உருவாக்கி வழங்குபவர்மேல் வைக்கிறது, அதைக் கடையில் வைத்து நடத்துபவர்மேல் அல்ல. விவரமறிந்த, கவனமுள்ள ஒருவருக்குப் பார்த்ததுமே புரியும் என்றால் சொல்லவும் வேண்டாம். யார் சொல்வது என்பது இடத்துக்கு இடம் மாறும்போது, சொல்லப்படும் பொருளை வைத்துப் பெயரிடுவதே நல்லது: ‘பேசுபொறித் தெரிவிப்பு’. இங்கே ‘த்’ மிகும்.

இதற்குள்ளேயே இரண்டு வகை பிரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தில் சாதாரண வணிகர், வாடிக்கையாளர் கேட்டால் சொன்னால் போதும். உரிமம் பெற்றுச் செய்யும் தொழில்களில் இருப்பவர் கேட்காமலே முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது; 2025 திருத்தம் அதை அபாயம் மிகுந்த உரையாடல்களுக்கு மட்டும் என்று குறுக்கியது. முதல் வகைக்குக் ‘கேட்புத் தெரிவிப்பு’ ஓரளவு பொருந்துகிறது. இரண்டாவதற்கு ‘முன்னறிவிப்பு’ என்றால் வானிலை ஞாபகம் வருகிறது, ‘முன்தெரிவிப்பு’ நாக்கில் இடறுகிறது. ‘முதல்தெரிவிப்பு’ என்று வைத்திருக்கிறேன், எனக்கே அரைமனதுதான். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.