சிலிக்கா ஜெல்: களியா, மணியா, ஈரவாங்கியா?

வணக்கம். காலணிப் பெட்டியிலும் மாத்திரைக் குப்பியிலும் கிடக்கும் பொட்டலத்தைச் ‘சிலிக்கா கூழ்’ என்று எழுதுகிறார்கள். கையில் கொட்டினால் கண்ணாடி மணியாக உருள்கிறது. இதில் கூழ் எங்கே இருக்கிறது? ‘ஈர உறிஞ்சி’ என்று சொல்லிவிடலாமா?

> ‘ஈர உறிஞ்சி’ என்று சொல்லிவிடலாமா?

பஞ்சு நீரை உறிஞ்சும். இந்த மணியோ தன் நுண்துளைச் சுவர்களில் நீராவியை ஒட்டவைத்துக்கொள்கிறது. இலங்கைப் பாடநூல் வழக்கில் முன்னது அகத்துறிஞ்சல், பின்னது புறத்துறிஞ்சல். ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவரை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அது வேலையின் பெயர். பொருளின் பெயர் அன்று. தள்ளுபடிக் கடைத் தட்டில் ஒரே மாதிரி உறையில் கால்சியம் குளோரைடும் இருக்கும், களிமண்ணும் இருக்கும், சிலிக்காவும் இருக்கும். கால்சியம் குளோரைடு ஈரத்தை வாங்கித் தானும் கரைந்து உப்புநீராகத் தேங்கும். டப்பா கவிழ்ந்தால் தோல்பையும் இரும்பும் போச்சு. சிலிக்காவோ மணியாகவே இருக்கும், காயவைத்துத் திரும்பப் போடலாம். டப்பாவின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், உட்பொருளையும் நிகர எடையையும் படித்து, 100 கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள்.

ஆகவே பொதுப்பெயர் ‘ஈரவாங்கி’. ஒலிவாங்கி பழகிய காதுக்கு உறுத்தாது. இந்தப் பொருளுக்கு ‘நுண்துளைச் சிலிக்கா’.

> இந்தப் பொருளுக்கு ‘நுண்துளைச் சிலிக்கா’

ஈரவாங்கி சரி. மற்றது தளர்வு, நுண்பாசி ஓடுகள் படிந்த டயட்டம் மண்ணும் நுண்துளைச் சிலிக்காதான். செய்முறையைப் பாருங்கள்: சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலில் அமிலம் சேர்த்தால் களி (ஜெல்) உறையும், உப்பைக் கழுவி உலர்த்தினால் மணி. அப்படியே ‘சிலிக்கா உலர்களி’ என்போம். இதே குடும்பத்தில், களியின் நீர்மம் இருந்த இடத்தில் காற்று நிறைந்த ஏரோஜெல்லுக்குக் ‘காற்றுக்களி’யும் கிடைத்துவிடும்.

வீட்டுப் பூனை கழிக்கும் தட்டில் பரப்ப விற்கும் ‘படிக’ மணியும் உலர்களிதான். கருவிப்பெட்டிக்கு அது போதும். உணவோடு வைக்க வேண்டாம். அதே தட்டுக்கு விற்கும் பென்டோனைட் களிமண்ணையோ மணமூட்டியதையோ வாங்கிவிடாதீர்கள். வாங்கியதும் 100 கிராம் நிறுத்து, தட்டில் பரப்பி, மூடிய மின்னடுப்பில் (ஓவன்) 120 பாகை செல்சியஸில் 2 மணி நேரம் வையுங்கள். மூடிய கண்ணாடிக் குப்பியில் ஆறவைத்து மறுபடி நிறுங்கள். திறந்தபடி ஆறவிட்டால் விட்ட ஈரத்தையே திரும்ப வாங்கும். எடை 80 கிராமுக்கு இறங்கினால், கடையிலேயே ஈரம் குடித்த சரக்கு. பொட்டலத்தோடு சூடாக்கினால் உறை உருகலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் இருப்பது கோபால்ட் குளோரைடு. அது சமையலறைப் பக்கமே வேண்டாம்.

> சிலிக்கா உலர்களி

ஏற்கிறேன். கூடவே இன்னொன்று: கண்ணாடி, குளியலறை இடுக்கில் பூசும் பசையையும் ‘சிலிக்கான்’ என்றே எழுதுகிறார்கள். தனிமம் சிலிக்கன், பசை சிலிக்கோன் என்று பிரித்தால் குழப்பம் தீரும். மலிவு விலைப் பசைக்குழாயில் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். பழைய பசை நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். வினிகர் வாடை வருவது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை. முகக்கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும்.

உடம்படுமெய் போட்டுச் ‘சிலிக்காவுலர்களி’ என்று எழுத வேண்டாம். உறையில் அச்சிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள், பிரித்தே எழுதுவோம்.