புதுப்பிப்பு: ஃபெரிசயனைடு உச்சங்கள் ஏன் விலகி நின்றன?

கிளாஸி கார்பன் மின்முனையில் பொட்டாசியம் ஃபெரிசயனைடுக்கு சைக்ளிக் வோல்டாமோகிராம் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் வரைபடம்) எடுத்தால், ஆக்சிஜனேற்ற, ஒடுக்க உச்சங்களுக்கு இடையே 59 மில்லிவோல்ட் அருகே இருக்க வேண்டிய இடைவெளி 180 காட்டுகிறதே, கரைசலின் மின்தடையா, மின்முனையின் பரப்பா என்று கேட்டிருந்தேன். பரப்புதான்.

செறிவைப் பாதியாக்கிப் பாருங்கள் என்றவருக்கு நன்றி. மின்தடை காரணமென்றால் மின்னோட்டம் குறையும்போது இடைவெளியும் சுருங்கியிருக்கும். அசையவே இல்லை. ஆக, எலக்ட்ரான் பரிமாற்றம்தான் மந்தம். 0.05 மைக்ரான் அலுமினாவை ஈரத்துணியில் குழைத்து, எட்டு வடிவில் தேய்த்து, சோனிகேட்டரில் (மீயொலியால் கழுவும் கருவி) அலசியதும் 72க்கு இறங்கியது. கரைசல் அதேதான், 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு.

உச்ச மின்னோட்டம் ஸ்கேன் வேகத்தின் (மின்னழுத்தத்தை மாற்றும் வேகம்) வர்க்கமூலத்தோடு நேர்கோட்டில் ஏறுகிறது. ரேண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாடு சொல்வதுபோல விரவல்தான் (அயனிகள் கரைசலில் மின்முனைக்குப் பரவி வருவது) கட்டுப்படுத்துகிறது. கோடு அழகாக வந்துவிட்டதே என்று மீள்வினை (எலக்ட்ரான் பரிமாற்றம் இரு திசையிலும் வேகமாக நடப்பது) என்று முத்திரை குத்திவிடாதீர்கள், மீளாவினையிலும் இதே வர்க்கமூலம் வரும் (பாடப்புத்தகத்தில் பலர் தாண்டிப்போகும் வரி). ஸ்கேன் வேகம் கூடும்போது உச்ச இடைவெளி விரிகிறதா என்பதே சோதனை. எனக்கு விரிகிறது. நிக்கல்சன் 1965இல் தந்த முறைப்படி அந்த விரிவிலிருந்தே எலக்ட்ரான் பரிமாற்றத்தின் வேக மாறிலியைக் கணக்கிடப் போகிறேன்.