வார இறுதிக் கூட்டம் விட்டுப்போகும் குப்பை: அள்ளி அள்ளி முடியவில்லை, எங்கே தொடங்குவது?

ஓடைக்கரை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. குளிக்கவும் காற்று வாங்கவும் கூட்டம் திரளும் ஓர் ஆற்றங்கரை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் வரை 700 மீட்டர் ஒற்றையடிப் பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் 600 பேர் வரை வருகிறார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் குழு திங்கள் காலையில் இருபது மூட்டை அள்ளுகிறது. அடுத்த திங்களும் அதே இருபது மூட்டைதான்.

கரையில் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. மதியத்துக்குள் நிரம்பி வழிந்துவிடும். மிச்சத்தை நாயும் குரங்கும் இழுத்துப் பரப்பிவிடும். தொட்டிகளைக் கூட்ட வேண்டுமா? "குப்பை போடாதீர்" என்று பலகை வைத்தால் பயன் இருக்குமா? மணலில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளை எப்படி எடுப்பது? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

இருபது மூட்டை என்பது அளவைச் சொல்கிறதே தவிர, எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த நேரத்தில் விழுந்தது என்று சொல்லவில்லை. அது தெரியாமல் தொட்டி வாங்குவதும் பலகை எழுதுவதும் வீண் செலவு. அதனால் முதல் இரண்டு வாரம் எண்ணுங்கள்.

கரையோரமாக 100 மீட்டர் நீளத்தை அளந்து, இரு முனையிலும் பெயின்ட் அடித்த கல் ஒன்றை அடையாளமாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே 100 மீட்டர்தான். வடகிழக்கு அட்லான்டிக் கடற்கரைகளுக்கான ஓஸ்பார் (ஐரோப்பிய நாடுகளின் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்) கணக்கெடுப்பும் 100 மீட்டர் நீளத்தைத்தான் அலகாகக் கொள்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் 1986-ல் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில் தொண்டர்கள் பொறுக்கியதோடு நிற்காமல் ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்தார்கள். கரையில் அதிகம் கிடப்பது எது என்று ஆண்டுதோறும் ஒப்பிட முடிவது அந்த அட்டைகளால்தான்.

உங்களுக்குப் பதினைந்து வகை போதும்: தண்ணீர் பாட்டில், மூடி, நொறுக்குத்தீனி உறை, தட்டு, டம்ளர், ஸ்ட்ரா, சிகரெட் துண்டு, கண்ணாடி, துணி, செருப்பு, டயபர், ஷாம்பூ பாக்கெட், தெர்மாகோல், தூண்டில் தங்கூசி நரம்பு, மற்றவை. எடை போடாதீர்கள், எண்ணிக்கை எடுங்கள். நனைந்த ஜீன்ஸ் ஒன்று ஐநூறு சிகரெட் துண்டுகளை எடையில் தோற்கடித்துவிடும். அதை வைத்து முடிவெடுத்தால் தப்பாகப் போகும்.

இடத்தை நான்காகப் பிரியுங்கள்: வண்டி நிறுத்துமிடம், பாதை, உட்காரும் இடம், நீர்விளிம்பு. நிறுத்துமிடத்தில் உறைகள் குவிந்தால் அது வரும்போதோ கிளம்பும்போதோ போட்டது. நீர்விளிம்பில் ஷாம்பூ பாக்கெட் குவிந்தால் அது குளிப்பவர் போட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. வெளுத்து, ஓரம் நைந்து, பாசி படிந்த பொருள்களைத் தனியாகக் குறியுங்கள். அவற்றில் பெரும்பகுதி மேலிருந்து ஆறு கொண்டுவந்ததாக இருக்கும். உங்கள் கூட்டத்தோடு எவ்வளவு பேசினாலும் அது குறையாது.

---

பூட்டுத்தொட்டி பதில்:

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். நிரம்பிய தொட்டி தொட்டியே இல்லாததைவிட மோசம். "இங்கே வைக்கலாம்" என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டு இடம் தராமல் விடுகிறது. வருபவர் நல்ல மனதோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். மீதியைக் காற்றும் குரங்கும் பார்த்துக்கொள்ளும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 600 பேருக்கு 900 லிட்டர். நசுக்காத பாட்டில் காலியாக இருந்தாலும் தன் முழு அளவு இடத்தையும் அடைக்கும் என்பதால் எடையை விட்டு லிட்டரில்தான் யோசிக்க வேண்டும். 240 லிட்டர் சக்கரத் தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரம்ப விடக்கூடாது, அதாவது பயன்படுவது 180 லிட்டர். ஆகவே ஐந்து தொட்டி வேண்டும். அல்லது மூன்று தொட்டி வைத்து மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். ஒன்றரை லிட்டர் என்பது தொடக்க ஊகம்தான். இரண்டு ஞாயிறு மூட்டைகளை எண்ணிவிட்டுச் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது என்பது இதைவிட முக்கியம். நான்கு தொட்டியையும் கரையிலிருந்து எடுத்துவிடுங்கள். நிரம்பிய தொட்டியை ஒற்றையடிப் பாதையில் 700 மீட்டர் யாரும் இழுக்கப் போவதில்லை, அதனால்தான் அவை காலியாவதில்லை. எல்லாத் தொட்டியும் வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்தில், திரும்பிப் போகிறவர் கண்டிப்பாகக் கடக்கும் வாயிலில், ஒரே வரிசையாக இருக்கட்டும். கரையில் இருப்பவரிடம் பையில்லாமல் இது நடக்காது. உள்ளே வரும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சாக்குப்பையைக் கையில் கொடுத்து, "திரும்பும்போது வாயிலில் போடுங்கள்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஆணியில் மாட்டி வைத்தால் எடுக்க மாட்டார்கள்.

மூடி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். குரங்கு இருக்கும் இடத்தில் தூக்கித் திறக்கும் மூடி நிற்காது. கொக்கியை உள்ளே கைவிட்டு விடுவிக்கும் அமைப்போ, தொட்டியைச் சங்கிலியால் தூணோடு கட்டிக் குறுகிய வாய் வைத்த கூண்டோ வேண்டும். அடியில் இரண்டு துளை போடுங்கள். மழைநீர் தேங்கிய தொட்டியை இரண்டு ஆள் சேர்ந்தாலும் சாய்க்க முடியாது.

---

மலைப்பாதை பதில்:

பூட்டுத்தொட்டி சொன்னதில் ஒரு பகுதியோடு உடன்பாடில்லை. தொட்டியை முற்றிலும் எடுத்துவிட்டு "கொண்டுவந்ததைக் கொண்டுபோங்கள்" என்று விடுவது எல்லா இடத்திலும் சரிப்படாது என்றாலும், சில இடங்களில் தொட்டியைவிட நன்றாக வேலை செய்யும். சொந்த வண்டியில் வந்து அதே வண்டியில் திரும்புகிறவர்கள் அதிகமென்றால் முயன்று பாருங்கள். டிக்கியில் போட்டுக்கொண்டு போவார்கள். பேருந்தில் வருகிறவர்கள் நாறும் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் போக மாட்டார்கள். தொட்டியை எடுத்தால் அது புதரில்தான் விழும்.

நுழைவு ஒரே வாயில் என்றால் பாட்டில் முன்வைப்பு நன்றாக நடக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு பாட்டிலிலும் எண்ணிட்ட ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் தொகையைத் திருப்பித் தருவது. பக்கவழி இருந்தால் இது படுத்துவிடும். இன்னொரு சிக்கல் மாலை ஐந்து மணி வரிசை. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் ஓர் ஆள் சமாளிக்க முடியாது. திருப்பித் தருவதற்கு மட்டும் இரண்டாவது மேசை போடுங்கள், சில்லறையை முன்பே எண்ணி வையுங்கள். வரிசை நீண்டால் மக்கள் தொகையை விட்டுவிட்டுப் பாட்டிலை வாயிலிலேயே வீசிவிடுவார்கள்.

எவரெஸ்டில் 2014 முதல் நேபாள அரசு ஏறுபவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று விதி வைத்து, அணிக்கு 4,000 டாலர் முன்பணமும் வாங்கியது. அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. 8 கிலோவை மலையின் எந்த உயரத்தில் எடுத்தாலும் கணக்கு சரியாகிவிட்டது. உங்கள் இடத்திலும் "ஆளுக்கு ஒரு பை நிரப்பினால் போதும்" என்று அறிவித்தால் பாதையோரப் பை நிரம்பும், பாறை இடுக்கு அப்படியே இருக்கும். எந்தப் பகுதியில் பொறுக்க வேண்டும் என்று பகுதியைப் பிரித்துக் கொடுங்கள்.

---

ஓடைக்கரை:

மிக்க நன்றி. ஒரே வாயில்தான், ஆனால் பாதிப்பேர் பேருந்தில் வருகிறவர்கள். அதனால் வாயிலில் தொட்டி, கையில் சாக்குப்பை என்ற வழியையே எடுக்கிறோம். பலகையைப் பற்றியும், பொறுக்கும் முறையைப் பற்றியும் சொல்லுங்களேன்.

---

நீலப்பலகை பதில்:

பலகையில் எழுதக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "தினமும் ஆயிரக்கணக்கானோர் இங்கே குப்பை போட்டு இந்த இடத்தைப் பாழாக்குகிறார்கள்." எழுதியவர் வருத்தத்தோடு எழுதுகிறார். படிப்பவர் காதில் விழுவது "எல்லோரும் போடுகிறார்கள்" என்பது மட்டுமே.

அரிசோனாவின் கல்மரக் காடு தேசியப் பூங்காவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பாதையில் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டுவிட்டு, பலகை வாசகத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் காடே மாறிவிட்டது என்ற வாசகம் இருந்தபோது சுமார் 8 சதவீதத் துண்டுகள் களவு போயின. எடுக்க வேண்டாம் என்று நேராகக் கேட்டபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்ந்தவர்களும் 2006-ல் வெளியிட்டது இது.

ஆகவே சுருக்கமாக, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "பையை வாயிலில் உள்ள தொட்டியில் போடவும். 700 மீட்டர்." தூரத்தைப் போடுவது அவசியம். தொட்டி எங்கோ இருக்கிறது என்பதற்கும் பத்து நிமிட நடையில் இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. எழுத்து ஐந்து அடி உயரத்தில், உட்காரும் இடத்தை நோக்கி இருக்கட்டும். நுழைவாயிலில் படித்ததைத் தண்ணீரைக் கண்டதும் மறந்துவிடுவார்கள்.

திங்கள் காலை மட்டும் சுத்தம் செய்வதை மாற்றுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். குப்பை கிடக்கும் இடத்தில் குப்பை போடக் கை கூசாது. கூட்டம் வரும் முன், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். ஞாயிறு இருட்டும் முன் உணவு மிச்சமும் பெரிய பொருள்களும் போயாக வேண்டும், இல்லையென்றால் இரவில் விலங்குகள் பரப்பிவிடும். பொடிப்பொருள்களைத் திங்கள் வெளிச்சத்தில் எடுக்கலாம்.

---

சல்லடை பதில்:

பொறுக்கும் முறை. இரண்டிரண்டு பேராக, ஆறு ஜோடி. ஒருவர் நீண்ட இடுக்கியால் எடுக்க, மற்றவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கை குறிப்பார். 80 முதல் 90 சென்டிமீட்டர் நீள இடுக்கி இருந்தால் குனிய வேண்டாம், புதருக்குள் கை விடவும் வேண்டாம். பாம்பும் தேளும் கிடக்கும் இடம் அது. மெல்லிய கறுப்புக் கவர் முள்ளில் கிழிந்து பாதி வழியில் கொட்டும். நெய்த வெள்ளைச் சாக்கு வாங்குங்கள், கழுவித் திரும்பப் பயன்படும். வாயை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி வளையம் செருகுங்கள். ஒரு சாக்கு 8 கிலோவைத் தாண்ட வேண்டாம், 700 மீட்டர் சுமக்க வேண்டும் அல்லவா?

நீர்விளிம்பில் தொடங்குங்கள். முதலில் ஆற்றோடு போவது அங்கே கிடப்பதுதான். சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கவே கூடாது, கல் உருளும். குறுக்காக, இரண்டு மீட்டர் இடைவெளியில் நடங்கள்.

வெயிலில் நைந்த கவரைப் பிடித்து இழுத்தால் நூறு துண்டாகும். சுற்றி மண்ணைக் குச்சியால் தளர்த்தி, அடியிலிருந்து மண்ணோடு தூக்கி, சல்லடையில் தட்டுங்கள். மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது இது சுலபம். தெர்மாகோலை இடுக்கியால் அழுத்தினால் மணி மணியாக உதிரும், குப்பை முறத்தால் அள்ளுங்கள். சிகரெட் துண்டின் பஞ்சு பருத்தி அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். அதிலுள்ள நச்சும் தண்ணீரில் கரையும். உட்காரும் கற்களுக்கு அருகே மண் நிரப்பிய தகர டப்பா ஒன்றைக் கட்டி வைத்தால் துண்டுகள் ஓரிடத்தில் சேரும். தங்கூசி நரம்பைக் கண்டால் விடாதீர்கள், பறவையின் காலை அறுக்கும். சிக்கிய பாறை இடுக்கிலேயே கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

கண்ணாடிக்குச் சாக்கு கூடாது, கனமான வாளி வேண்டும். அந்தி மங்கியபின் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். சில்லு மின்னும். மின்னும் இடத்தில் கொடி நட்டுவிட்டு, மறுநாள் காலையில் காய்ந்த மணலை 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கலாம். ஈர மணல் சல்லடையில் இறங்காது. வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் பகுதியில் இதை மாதம் ஒருமுறையாவது செய்யுங்கள்.

ஊசி கிடந்தால் மூடியைத் திரும்பப் போட முயலாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் டப்பாவைத் தரையில் வைத்து (கையில் பிடிக்கக் கூடாது), நடுப்பகுதியை இடுக்கியால் பிடித்து, ஊசிமுனை முதலில் உள்ளே போகும்படி இறக்குங்கள். மூடிய பாட்டிலில் என்ன திரவம் என்று தெரியாவிட்டால் திறக்க வேண்டாம். பேட்டரி, லைட்டர், கேஸ் குடுவை மூன்றும் தனி வாளிக்கு. குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பிடிப்பது இவற்றால்தான். இடம் போதவில்லை என்று அங்கேயே கொளுத்திவிடாதீர்கள், தாழ்ந்த சூட்டில் எரியும் பிளாஸ்டிக் நச்சுப்புகையாக மாறும். சாக்குகளை எடுத்துப்போக வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று உறுதி செய்யாமல் பொறுக்கத் தொடங்கவே வேண்டாம்.

---

மலைப்பாதை:

இன்னொன்று, பேசக் கூச்சமான விஷயம். டயபரும் ஈரத் துடைப்புத் தாளும் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். அங்கேதான் மக்கள் ஒதுங்குகிறார்கள். காட்டில் தனியாக நடப்பவருக்குத் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள் என்று சொல்லலாம். 600 பேர் வரும் இடத்துக்கு அது பொருந்தாது, அத்தனையை அந்த மண் தாங்காது. நிறுத்துமிடத்தில் கழிப்பறை கேட்டு எழுதுங்கள், உங்கள் எண்ணிக்கைத் தாளை இணைத்து எழுதுங்கள். ஈரத் துடைப்புத் தாள்களில் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு, புதைத்தாலும் மக்காது. அதற்கென்று மூடியுள்ள தொட்டி ஒன்று கழிப்பறைக்குள்ளேயே வேண்டும்.

---

ஓடைக்கரை:

வரும் ஞாயிறு முதல் 100 மீட்டர் கணக்கெடுப்பைத் தொடங்குகிறோம். தொட்டிகளை வாயிலுக்கு மாற்றுவது அதற்குப் பிறகு. ஒரு சந்தேகம்: தொட்டியை எடுத்த முதல் வாரம் பழைய இடத்தில் குவிக்க மாட்டார்களா?

---

பூட்டுத்தொட்டி:

குவிப்பார்கள். மூன்று நான்கு வாரம் வரை பழைய இடத்தில் ஓர் ஆள் நின்று, பையை நீட்டி, வாயிலைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆளை ஒதுக்க முடியாத வாரத்தில் தொட்டியை நகர்த்தாதீர்கள். பழைய இடத்தில் கறை படிந்த தரையைக் கழுவி, தொட்டி நின்ற கல்லையும் எடுத்துவிடுங்கள். தடம் இருக்கும்வரை அங்கேதான் வைப்பார்கள்.