ஐச்சர் வண்டிக்கு வேக அபராதம் வந்திருக்கிறது: கட்ட வேண்டியவர் ஓட்டுநரா, வண்டி உரிமையாளரா?

கேள்வி: திருப்பூர்_மூன்றுவண்டி

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குத் துணி ஏற்றி இறக்கும் வேலைக்காக மூன்று ஐச்சர் வண்டிகள் வைத்து நடத்தி வருகிறேன். பின்னிய துணியைப் பெருந்துறை சிப்காட்டில் உள்ள சாயப்பட்டறையில் இறக்கிவிட்டு, சாயமேறிய துணியைத் திரும்ப ஏற்றி வருவதுதான் எங்கள் அன்றாட ஓட்டம். சென்ற வாரம் ஒரு நாள் மாலை, விஜயமங்கலம் தாண்டிச் செங்கப்பள்ளிக்கு வரும் வழியில், 80 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் போகக்கூடாத இடத்தில் எங்கள் வண்டி 94 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. வண்டி என் பெயரில் இருப்பதால் செய்தியும் என் எண்ணுக்கே வந்தது.

வண்டியை ஓட்டிய பையனுக்கு 26 வயது. நான்கு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறான், இதுவரை ஒரு சிறு உரசல்கூட இல்லை. வேகமாக ஓட்டியது அவன்தான் என்பதால் அபராதத்தை அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் மைத்துனர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று மாலை ஏழு மணிக்குள் துணி வந்து சேராவிட்டால் கட்டிங் மேசை நின்றுவிடும் என்று நான்தான் அவனை மூன்று முறை அழைத்துச் சொன்னேன். அதையும்விட ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி இழுவை இல்லாமல் இருக்கிறது என்று பழைய ஓட்டுநர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, போன ஆண்டு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒயரை மெக்கானிக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அபராதம் எவ்வளவு வரும், அவனுடைய உரிமத்திற்கு ஆபத்து உண்டா, சட்டத்தின் கண்ணில் எனக்கும் இதில் பங்கு உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கோபி_வழக்குரைஞர்

ஐயா, நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் விரிவாகவே சொல்கிறேன்.

வேக மீறலுக்கான தண்டனையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் அந்தச் சட்டம் திருத்தப்படும் வரை முதல் முறைக்கு 400 ரூபாய்தான் உச்ச அபராதம். பலர் இன்னும் அந்தத் தொகையையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். இப்போது கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர மற்றும் கனரகப் பயணிகள், சரக்கு வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் விதிக்கலாம். உங்கள் ஐச்சரின் மொத்த எடை, அதாவது சுமையோடு சேர்ந்த பதிவெடை, 7,500 கிலோவைத் தாண்டி 12,000 கிலோவுக்குள் இருந்தால் அது நடுத்தரச் சரக்கு வாகனம். இரண்டாவது வரம்புதான் பொருந்தும். பதிவுச் சான்றை எடுத்து எடையைப் பாருங்கள்.

வேக வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான்குவழிச் சாலையில் கார்களுக்கு 100, சரக்கு வாகனங்களுக்கு 80 என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு உச்சவரம்புகளை அறிவித்தது. அந்த அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்து, வேகத்தைக் குறைத்துப் புதிதாக அறிவிக்கும்படி உத்தரவிட்டது. இது தெரியாமல் வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலைப் பார்த்துக் கார் ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

பணத்தைவிட உரிமம்தான் பெரிது. இரண்டாம் முறை பிடிபட்டால் உரிமத்தைக் கைப்பற்ற 183-ஆம் பிரிவே வழி செய்கிறது. போதாததற்கு, உச்சநீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு ஒரு கட்டளை அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிகப் பாரம், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது கைபேசியில் பேசுதல் போன்ற குற்றங்களுக்கு உரிமத்தை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அந்தக் கட்டளை. இந்த நடவடிக்கையை எடுப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். உங்கள் ஓட்டுநரை அழைத்து விளக்கம் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அழைப்பு வந்தால் அவர் தவறாமல் நேரில் போக வேண்டும்.

இனி உங்கள் பங்கு. உங்கள் மைத்துனர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 183-ஆம் பிரிவு வேகமாக ஓட்டியவரோடு நிற்கவில்லை. தன்னிடம் வேலை செய்பவரை வரம்பு மீறி ஓட்டச் செய்தவருக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது. அதே பிரிவில் பலரும் படிக்காமல் கடந்துபோகும் ஓர் உட்பிரிவும் உண்டு. இவ்வளவு நேரத்திற்குள் வந்து சேர வேண்டும் என்று ஒருவர் கட்டளையிட்டு, வரம்பை மீறாமல் அந்த நேரத்திற்குள் வந்து சேர முடியாது என்று நீதிமன்றம் கருதினால், கட்டளையிட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு அந்தக் கட்டளையே முதல்நோக்குச் சான்றாகிவிடும். நேர அட்டவணை வெளியிடும் பேருந்து உரிமையாளர்களையும் இது கட்டுப்படுத்தும். நீங்கள் அழைத்த மூன்று அழைப்புகளும் இந்த உட்பிரிவுக்குள் வரக்கூடியவை. அபராதத்தை ஓட்டுநர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை என்று உங்களுக்குத் தோன்றியது சரிதான். சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது.

வண்டியை ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால், 133-ஆம் பிரிவின்படி உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். வேறொருவர் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒயர். 2015 அக்டோபருக்குப் பின் தயாரான சரக்கு வாகனங்கள் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடுதான் வெளிவர வேண்டும். கருவி வேலை செய்திருந்தால் 94 என்ற எண்ணே வந்திருக்காது. அன்று அந்த வேகத்தில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால், பேச்சு அபராதத்தோடு முடிந்திருக்காது. அபாயகரமாக ஓட்டியதற்கு 184-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. உயிர் போயிருந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. அந்த வழக்கில் ஒயரைக் கழற்றியது யார், பக்கத்தில் நின்றது யார் என்ற கேள்வி கட்டாயம் எழும்.

பதில் 2: சங்ககிரி_லாரி

வக்கீல் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் 22 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறவன். ஓட்டுநரின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கும் மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். தவறு என்னுடையது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் என் வீடு எப்படி ஓடியது என்று வண்டிக்காரர் ஒரு நாளும் கேட்கவில்லை. லாரிக்காரனுக்குச் சம்பளத்தைவிடப் படிதான் பெரிது. வண்டி ஏறாவிட்டால் படி இல்லை. படி இல்லாவிட்டால் மளிகைக் கடை பாக்கியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அப்படியே நிற்கும். அந்தச் சமயத்தில் என் அப்பாவோடு தறிக்குப் போய் நின்றேன். அபராதம் 2,000 என்றால் உங்களுக்கு அது டீசல் செலவு. உரிமம் போனால் அந்தப் பையனுக்கு ஒரு கால்வருடமே போய்விடும்.

வேகத்தைப் பற்றியும் சொல்கிறேன். சாயமேறிய துணி ஏற்றிய வண்டி, பார்ப்பதற்கு லேசான சுமை போலத் தெரியும்; பிரேக் மிதிக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். 80-இல் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது, 94-இல் 26 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு வண்டி இழுத்துக்கொண்டு போகும் தூரமோ, அந்த 14 கிலோமீட்டர் வித்தியாசத்திற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. விஜயமங்கலம் முதல் செங்கப்பள்ளி வரை இருபுறமும் ஊர்கள் இருக்கின்றன. மாலை நேரத்தில் டிவிஎஸ் எக்ஸெலில் பால் கேனோடு எதிர்த்திசையில் வருகிறவர்களையும், தடுப்புச் சுவரின் இடைவெளியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கிறவர்களையும் அந்தச் சாலையில் ஓட்டுகிற யாரும் பார்த்திருப்பார்கள். தொப்பூர் இறக்கத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறோமோ, அதே கவனம் இந்த நேரான சாலையிலும் வேண்டும். சாலை நேராக இருப்பதால்தான் கால் தானாக அழுத்துகிறது.

பையனின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள் அண்ணா. வைத்தால், அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போதும் அவன் அழுத்தத்தான் செய்வான். பிடிபட்டதை மட்டும் உங்களிடம் சொல்லமாட்டான்.

பதில் 3: கணபதி_கோவை

பணம் கட்டும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்த செய்தி உண்மையானதா? போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பை அனுப்பி, அதை நிறுவியவுடன் வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நடக்கிறது. என் அப்பா அந்தக் கோப்பைத் தரவிறக்கியே விட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே பரிவாகன் இ-செலான் தளத்திற்குப் போய் வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். முகவரியின் முடிவு அரசுத் தளத்திற்குரிய 'கவ் டாட் இன்' என்று இருக்க வேண்டும்.

செலான் உண்மையாக இருந்தால் அதில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்ற ஆண்டு எங்கள் காருக்கு ஒரு செலான் வந்தது. படத்தைத் திறந்தால் அதில் இருப்பது ஓர் இருசக்கர வாகனம். எண் பலகையில் சேறு ஒட்டியிருந்ததால் கேமரா 3-ஐ 8 என்று படித்திருக்கிறது. தளத்திலேயே புகார் பதிவு செய்யும் பகுதி இருக்கிறது. எங்கள் காரின் படத்தையும் பதிவுச் சான்றையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வர ஆறு வாரம் ஆனது, இரண்டு முறை நேரிலும் போக வேண்டியிருந்தது, ஆனால் ரத்து செய்தார்கள்.

கேமரா வழியான அபராதங்களுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி 2021-இல் சேர்க்கப்பட்டது. குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். செலானில் எண் பலகை தெரியும் படமும், கருவி அளந்த வேகமும், இடமும், நாளும், நேரமும், மீறிய பிரிவும் இருக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. செய்யாத குற்றத்திற்கு வந்த செலானை எதிர்க்க இவையெல்லாம் உதவும். உங்கள் வண்டி 94-இல் போனது உங்களுக்கே தெரிந்திருக்கும்போது, பலகை கோணலாக இருந்தது என்று வாதாடப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்: திருப்பூர்_மூன்றுவண்டி

மூவருக்கும் என் நன்றி. தளத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். செலான் உண்மையானதுதான், படத்தில் எங்கள் வண்டியும் எண்ணும் தெளிவாக இருக்கின்றன. பதிவெடை 11 டன்னுக்குச் சற்று மேல், எனவே வக்கீல் ஐயா சொன்ன நடுத்தரச் சரக்கு வாகனம்தான். பணத்தை நானே கட்டிவிட்டேன்.

சங்ககிரி அண்ணனின் பதிலைப் படித்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஓட்டத்தில் நெடுஞ்சாலையில் போகும் தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதை 80-இல் கடக்க 15 நிமிடம், 94-இல் கடக்கப் பன்னிரண்டே முக்கால் நிமிடம். நான் மூன்று முறை அழைத்து அவனை விரட்டியதில் மிச்சமானது இரண்டேகால் நிமிடம். சாயப்பட்டறையில் துணி எடை போட்டு ரசீது எழுதுவதற்குக் காத்திருந்ததிலேயே அன்று 40 நிமிடம் போயிருந்தது. அந்த 40 நிமிடத்தைச் சரிசெய்ய வேண்டிய நான், சாலையில் அதைத் திரும்பப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். இனி ரசீது தயாரானது என்று பட்டறையிலிருந்து சொன்ன பிறகே வண்டியை அனுப்பப் போகிறேன், கட்டிங் மேசைக்காரரிடமும் எட்டு மணி என்றே சொல்லியிருக்கிறேன்.

பையனை அழைத்து அபராதம் கட்டியாயிற்று என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, அன்னிக்கு செங்கப்பள்ளி பக்கத்துல ஒரு அம்மா குறுக்க வந்துட்டாங்க, நான் உங்ககிட்ட சொல்லல" என்றான். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று வண்டிகளையும் சர்வீஸ் சென்டரில் விட்டு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். சங்ககிரி அண்ணனிடம் ஒரு சந்தேகம்: கருவியை மாட்டினால் ஊத்துக்குளி மேட்டில் சுமையோடு ஏறும்போது இழுவை குறையும் என்று பழைய ஓட்டுநர் சொன்னாரே, அது உண்மையா?

பதில் 4: சங்ககிரி_லாரி

உண்மை இல்லை அண்ணா. அந்தக் கருவி உச்ச வேகத்தை மட்டும்தான் பிடிக்கும். மேட்டில் மூன்றாவது கியரில் 30-இல் ஏறும் வண்டிக்கு அது இருப்பதே தெரியாது. இழுவை குறைந்தால் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பனியன் பஞ்சு பறக்கிற ஊரில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.