சசெக்ஸ் ஒயின் ஷாம்பெய்னை வென்றது: ஊர்ப் பெயருக்கு ஏன் இத்தனை விலை கொடுக்கிறோம்?

தென்குன்றன்:
போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடினோம். இரண்டு புட்டிகளுக்கும் துணி சுற்றி, எது எது என்று தெரியாதபடி ஊற்றினேன். ஒன்று நான் வசிக்கும் இங்கிலாந்தின் சசெக்ஸில் விளைந்தது. இன்னொன்று பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியைச் சேர்ந்தது; விலை ஒன்றரை மடங்கு. ஐந்து பேர் சசெக்ஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், அப்புறம் மெல்ல எழும் ரொட்டி மணம். விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் புளிப்பு நின்றது. ஷாம்பெய்னிலோ வேகவைத்த முட்டைகோஸ் வாடை அடித்தது.

திராட்சை வகை அதேதான்: சார்டனே, பினோ நுவார், மூனியே. புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் முறையும் அதேதான். ஷாம்பெய்னைப் போலவே சசெக்ஸின் சவுத் டவுன்ஸ் குன்றுகளுக்கு அடியில் இருப்பதும் சுண்ணாம்புப் பாறை. நுரைக்கும் ஒயினுக்கும் பிரான்ஸ் தனியுரிமை கொண்டாட முடியாது. சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்கச் செய்வதைப் பற்றி ஆங்கிலேயரான கிறிஸ்டோபர் மெரட் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தது 1662இல். ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் துறவி டோம் பெரிஞோன் ஓவில்லர் மடத்து நிலவறைக்குப் பொறுப்பேற்றதே 1668இல்தான். பிறகு எதற்கு அந்த ஒன்றரை மடங்கு?

மண்டிமணம்:
மெரட் பற்றிச் சொன்னது சரி. டோம் பெரிஞோன் குமிழியைக் கண்டுபிடித்தார் என்பது விளம்பரக் கதை. அவர் குமிழியைத் தவிர்க்கத்தான் பாடுபட்டார். ஆனால் உங்கள் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பாரிஸில் இருக்கிறேன், ஷாம்பெய்ன் பகுதியின் ரைம்ஸ் நகரத்து நிலவறைகளுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே விலை கொடுப்பது பெயருக்கு மட்டுமல்ல, காத்திருப்புக்கும். அறுவடை ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன்கூட குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் ஈஸ்ட் மண்டியோடு, அதாவது நொதித்து முடிந்து அடியில் படியும் இறந்த ஈஸ்டோடு. ஆண்டு குறிப்பிட்டதென்றால் 3 ஆண்டு. நீங்கள் ரசித்த ரொட்டி மணம் அந்த மண்டி சிதைந்து கொடுப்பது. அதோடு பழைய ஆண்டுகளின் ஒயினைச் சேமித்து வைத்துப் புதியதில் கலக்கிறார்கள். மழையில் கெட்ட ஆண்டைத் தூக்கி நிறுத்துவது அந்தச் சேமிப்புதான். சசெக்ஸின் நைடிம்பர் தோட்டத்தில் இந்தக் கொடிகளை நட்டதே 1988இல். ஒரு தலைமுறைச் சேமிப்பை நூற்றாண்டுகளோடு ஒப்பிடலாமா?

இரண்டு கேள்விகள். எந்தக் குளிர்ச்சியில் ஊற்றினீர்கள்? எந்தக் கோப்பையில்?

தென்குன்றன்:
குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே. ஒல்லியான நீளக் கோப்பையில்.

மண்டிமணம்:
அங்கேயே பாதி போய்விட்டது. 4 பாகை செல்சியஸில் எந்த ஒயினும் வாய் திறக்காது; 8 முதல் 10 பாகை வேண்டும். ஒல்லிக் கோப்பையில் குமிழி அழகாக ஏறும், மணம் சேர இடமிருக்காது. நடுவில் அகன்று மேலே குவிந்த கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். கடுங்குளிரில் புளிப்பு மட்டும்தான் முன்னால் நிற்கும். சசெக்ஸ் ஒயினின் பலமே புளிப்பு. நீங்கள் நடத்திய போட்டியின் விதிகள் அதற்குச் சாதகமாக இருந்தன.

பனிக்கொடி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இருவரும் மண்ணையும் நிலவறையையும் பேசுகிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது குளிர். குளிர்ந்த நாட்டில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது, இரவுக் குளிர் மாலிக் அமிலத்தைக் காப்பாற்றுகிறது. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நுரைக்கும் ஒயின் வெறும் சோடா. ஷாம்பெய்னில் இப்போது அந்தக் குளிர்தான் நழுவுகிறது. 2003இல் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியபோது அதிசயமாகப் பார்த்தார்கள். அதன் பிறகு ஆகஸ்ட் அறுவடை பலமுறை வந்துவிட்டது. ஷாம்பெய்ன் தயாரிக்கும் தெத்தாஞ்சே நிறுவனம் 2015இல் இங்கிலாந்தின் கென்ட்டில் நிலம் வாங்கியது எதற்கு? ஷாம்பெய்ன்காரர்களே வடக்கே பார்க்கிறார்கள் என்பதை மண்டிமணம் அக்கா விட்டுவிட்டார்.

மண்டிமணம்:
விடவில்லை தம்பி, அது எனக்கும் வலிக்கிற செய்திதான். ஆனால் குளிர் அதிகமானால் எல்லாம் சரியாகிவிடாது. கோடை பொய்த்த ஆண்டில் இங்கிலாந்துத் திராட்சையின் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். கடைசியில் சேர்க்கும் சர்க்கரையால் அதை மூடப் பார்ப்பார்கள். இனிப்பு குறைந்தது என்பதற்கான ‘புரூட்’ என்ற சொல்லைப் புட்டியில் எழுதினாலும் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம்.

தென்குன்றன், அந்த முட்டைகோஸ் வாடைதான் என்னை உறுத்துகிறது. அது குளிரிலும் கோப்பையிலும் வருவதல்ல. ஷாம்பெய்ன் புட்டி என்ன நிறம்?

தென்குன்றன்:
நிறமற்ற கண்ணாடி. கடையில் விளக்கு வெளிச்சத்தில், மேல் தட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

மண்டிமணம்:
அப்படியானால் நீங்கள் குடித்தது ஒளிபட்டுக் கெட்ட ஒயின். ஒயினில் இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் வெளிச்சத்தை வாங்கி, கந்தகமுள்ள அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது. அதிலிருந்து வருவது சரியாக அந்த முட்டைகோஸ் வாடை. நிறமற்ற புட்டிக்கு இது சில மணி நேரத்திலேயே நேரலாம். ரோடரேர் நிறுவனத்தின் கிரிஸ்டல் ஷாம்பெய்ன் நிறமற்ற புட்டியில் வருவதால்தான் அதற்குப் பொன்னிறத் தாள் சுற்றுகிறார்கள். அது தெரிந்தே கடைக்காரர்கள் விளக்கடியில் அடுக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. எத்தனை பேரின் ஓராண்டு உழைப்பு!

தென்குன்றன்:
வாடைக்குக் காரணம் புரிந்தது, நன்றி. அந்தப் புட்டியை வைத்து ஷாம்பெய்னைத் தீர்ப்பிட்டது என் தவறு. ஆனால் சசெக்ஸ் கோப்பையில் நான் கண்டது பொய்யில்லை. எதிரில் நல்ல புட்டி இருந்திருந்தால் அது தோற்றிருக்கும் என்று நீங்களும் நிரூபிக்கவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் ஊற்றுகிறேன். இரண்டும் கரும்பச்சைப் புட்டி, இரண்டும் மண்டியோடு 3 ஆண்டு கிடந்தவை, 9 பாகை, அகன்ற கோப்பை. ஷாம்பெய்னை நீங்களே தேர்ந்து சொல்லுங்கள்.

மண்டிமணம்:
சார்டனே மட்டும் சேர்ந்தது, ஷாம்பெய்ன் பகுதியின் கோத் தே பிளான் சரிவிலிருந்து வந்ததாகப் பாருங்கள். பின்பக்கச் சீட்டில் மண்டி நீக்கிய தேதி அச்சிட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சசெக்ஸ் புட்டிக்கும் அதே விதி.