ஒல்லாந்தர் கோயிலுக்குள் செருப்போடு

நான் வளர்ந்தது கொழும்பு, கொட்டாஞ்சேனையில். வீட்டில் சைவம். ஆனால் செவ்வாய்க்கிழமை ஆனால் அம்மம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் இருக்க மாட்டார். மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் ஒல்லாந்தர் கோயில் பக்கம் மட்டும் எங்களில் யாரும் போனதில்லை. சுரூபம் இல்லை, நேர்த்தி வைக்க ஒரு புனிதர் இல்லை, நமக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் கணக்கு.

ஏ.எல். (உயர்தர) சோதனை முடிந்த கையோடு ஒருநாள் புறக்கோட்டையிலிருந்து நடந்து வரும்போது கொட்டு கொட்டென்று மழை. ஓடிப்போய் அதன் வாசலில் ஒதுங்கினேன். பழக்கதோஷம், செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே கூட்டிக்கொண்டிருந்த ஐயா சிரித்தார். "போட்டுக்கொண்டே வாங்க தம்பி, தரை குளிரும்."

செருப்போடு நாலடி வைத்த பிறகுதான் கீழே பார்த்தேன். தரையெல்லாம் கல்லறைக் கல், எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கியது. கோட்டைக்குள் இருந்த பழைய கோயிலிலிருந்து 1813-இல் கொண்டுவந்தவையாம், ஒல்லாந்த ஆளுநர்களுடையதும் அதில் உண்டு. எனக்குக் கால் கூசியது. கல்லுக்குக் கல் தாண்டித் தாண்டி நடந்தேன், பாண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி. ஐயாவோ ஆளுநர்கள் மேலேயே விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு போனார்.

வெளியே அந்த மழை, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சுவர் கிட்டத்தட்ட ஐந்தடித் தடிப்பு. 1749-இல் கட்டத் தொடங்கி, 1757-இல்தான் திறந்தார்களாம்.

பெயரின் கதைதான் எனக்குப் பிடித்தது. போர்த்துக்கீசர் காலத்தில் அங்கே குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் ஒல்லாந்தர் காதில் ஓநாயாக விழ, இடம் அவர்கள் பாஷையில் 'வுல்பெண்டால்', அதாவது 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' ஆகிவிட்டது. இலங்கையில் ஏது ஓநாய்? நரி என்றாலாவது நம்பலாம்.

புறப்படும்போது ஐயா சொன்னார், இங்கே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் ஆராதனை நடக்கிறது என்று. அடுத்த ஞாயிறு தமிழுக்குப் போனேன். பக்கத்தில் இருந்த அன்ரி ஒன்றும் கேட்காமல் பாட்டுப் புத்தகத்தைப் பாதி என் பக்கம் நகர்த்தினார். பாட்டுத் தெரியாது, வாயை மட்டும் அசைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ மெழுகுதிரி எங்கே கொளுத்துறது?"